பாங்கு சொன்ன பிள்ளை

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் இருக்கிற அந்த ஆஸ்பத்திரிக்குப் பெயர் வேண்டாம். வாசலில் ஒரு வெள்ளைப் பலகை உண்டு. உள்ளே நுழைகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். இந்த மாதம் பிரசவம் இத்தனை, ஆண் இத்தனை, பெண் இத்தனை என்று மேனேஜர் வேல்சாமி மார்க்கர் பேனாவால் எழுதி வைப்பார். கடைசி வரி சிசு மரணம். அதற்கு நேரே ஒரு முட்டை. மற்ற எண்கள் அழியும், மாறும். அந்த முட்டை மட்டும் மாதக்கணக்கில் அசையாமல் நிற்கிறது. சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து வைத்திருக்கிற சங்கம் அந்த முட்டைக்கு ஒரு கேடயமும் கொடுத்துவிட்டது. கேடயம் டாக்டரம்மா அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தினமும் காலையில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பது பெர்சிஸின் வேலை. திட்டிக்கொண்டேதான் துடைப்பாள்.

பெர்சிஸ் அங்கே பிரசவ வார்டு ஆயா. ஐம்பதைத் தாண்டியவள். செங்கோட்டைக்காரி. கோபம் மூக்கு மேல் நிற்கும். நர்ஸைத் திட்டுவாள், லிஃப்ட்காரனைத் திட்டுவாள், சீசன் சமயத்தில் அருவியில் குளித்த ஈரத்தோடு வந்து வார்டு பெஞ்சில் உட்காருகிற சொந்தக்காரர்களை நிற்க வைத்துத் திட்டுவாள். வலியில் கத்துகிற பெண்ணை மட்டும் ஒரு நாளும் ஒரு சொல் சொன்னதில்லை. புதிதாக வந்த ஒரு ஆயா, அலறிக்கொண்டிருந்த ஒருத்தியிடம், "படுக்கும்போது இனிச்சுதாக்கும்?" என்று கேட்டுவிட்டாள். பெர்சிஸ் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தாள். "இந்தக் கேள்வியக் கேக்கதுக்குன்னே சில ஜென்மங்க வேலைக்கு வருதுவ," என்று அன்றைக்கு முழுக்கப் பொருமிக்கொண்டே இருந்தாள்.

அவள் பிறந்ததே ஒரு வழக்கு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அவள் அம்மா புனலூர்ப் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து பழைய மீட்டர்கேஜ் ரயிலில் செங்கோட்டைக்கு வந்துகொண்டிருந்தாள். ஆரியங்காவு தாண்டி மலைக்குகைக்குள் ரயில் நுழைந்தபோது பெர்சிஸ் பிறந்துவிட்டாள். குகைக்குள் கும்மிருட்டு, கரிப்புகை, காது கிழிகிற சத்தம். பிள்ளை அழுததா இல்லையா என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. போச்சு என்றே எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ரயில் குகையை விட்டு வெளியே வந்து வெளிச்சம் பட்ட பிறகுதான், வாயைத் திறந்து வீரிட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பார்த்தார்களாம். குகையின் ஒரு வாய் கேரளத்தில், மறு வாய் தமிழ்நாட்டில். பிறப்பைப் பதியப் போனால் அந்தப் பக்கம், "அது நிங்ஙளுடெ நாடு," என்றார்கள். செங்கோட்டையில், "அங்கன பொறந்த பிள்ளைய இங்கன எப்படி எழுத?" என்று கேட்டார்கள். இரண்டு மாநிலமும் சேர்ந்து அவளைப் பிறக்கவே இல்லை என்று சொல்லிவிட்டன. பள்ளிக்கூடத்தில் சேர்த்த வாத்தியார்தான் ஏதோ ஒரு தேதியைப் போட்டு அவளைப் பிறக்க வைத்தார்.

அதனாலோ என்னவோ, பிரசவ அறையில் ஒரு பிள்ளை அழுத மறுநொடி பெர்சிஸின் தலை சுவர்க் கடிகாரத்துப் பக்கம் தானாகத் திரும்பும். வெளியே வந்தால் இந்து வீட்டுக்காரர்கள் கேட்கிற முதல் கேள்வி ஆணா பெண்ணா என்பதல்ல, "பெர்சிஸ், நேரம் பாத்தியா?" என்பதுதான். ஜாதகம் எழுத வேண்டுமே. அதிலும் சண்டை உண்டு. தலை தெரிந்த நேரமா, உடம்பு முழுக்க வெளியே வந்த நேரமா, அழுத நேரமா என்று ஜோசியருக்கு ஜோசியர் பேச்சு மாறும். பெர்சிஸ் ஒரே பேச்சில் முடித்துவிட்டாள். "அழுத நேரந்தான் நேரம். மத்ததெல்லாம் வழியில வந்த நேரம்." அவள் ஆலயத்துப் பாஸ்டர், ஜோசியத்துக்கு நேரம் பார்த்துக் கொடுப்பது பாவம் என்று ஒரு தடவை சொன்னார். "நேரத்தக் கர்த்தர் குடுக்காரு ஐயா, நான் மணி மட்டுந்தான் பாக்கேன்," என்று சொல்லிவிட்டாள்.

முஸ்லிம் வீட்டுப் பிரசவம் என்றால் கடிகாரம் பார்த்த கையோடு வாசலுக்கு ஓடி வருவாள். "ஆம்பள யாரு இருக்கீய? பாங்கு சொல்ல வாங்க!" பிறந்த பிள்ளையின் வலது காதில் முதலில் விழ வேண்டியது தொழுகைக்கு அழைக்கிற அந்தச் சொல். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் மாமன், இல்லாவிட்டால் அப்பா வழிப் பெரியவர். துணியில் சுற்றிய பிள்ளையை பெர்சிஸ் ஏந்திக்கொண்டு நிற்க, அந்த ஆள் குனிந்து மெதுவாகச் சொல்வார். பல வருஷம் கேட்டுக் கேட்டு, அவருக்குப் பதற்றத்தில் ஒரு வரி விட்டுப்போனால் அடுத்த வரியை எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு அவளுக்கே பாடமாகிவிட்டது. சேவையென்று யாரும் செய்யச் சொல்லவில்லை. அவளுக்கு அது பிடித்திருந்தது, செய்தாள்.

போன சீசனில் நசீபாவைக் கொண்டுவந்தார்கள். எட்டாம் மாதம். கால் கை வீங்கி, ஜன்னி கண்டு, வலிப்பு வந்து நினைவு தப்பியிருந்தது. புருஷன் அகமது கபீர் சவூதியில், தம்மாமில் இருந்தான். கூட வந்தவன் அண்ணன் முகம்மது சலீம், தென்காசி கடைத்தெருவில் கோரைப்பாய் வியாபாரம் பார்க்கிறவன். டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் ஆபரேஷன் என்றார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நசீபா உயிரோடு இருக்கிறாள் என்றால் அவர் கைராசிதான். பிள்ளைகளைப் பார்க்கிற டாக்டரைத்தான் வரச் சொன்னார்கள், அவரால் வர முடியவில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, சாரல் அடித்துக்கொண்டிருந்தது, அருவியில் தண்ணீர் நல்லா விழுகிறது என்று ஊர் உலகமெல்லாம் குற்றாலத்தில் வந்து குவிந்திருந்தது. அவர் கார் வேன்களுக்கும் பஸ்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது.

பிள்ளை வெளியே வந்தது. ஆண். கைக்கு அடங்கிய பிள்ளை. நர்ஸ் முதுகைத் தேய்த்தாள், உள்ளங்காலைச் சுண்டினாள். பெர்சிஸ் துணியை விரித்துப் பிடித்தாள். அப்புறம் அழுதான். பெர்சிஸின் தலை கடிகாரத்துப் பக்கம் திரும்பியது. ரெண்டு மணி அடிக்கச் சற்று முன்பு. உள்ளே எல்லோரும் தாயைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இருந்தார்கள். பக்கத்து அறையில் விளக்குச் சூட்டில் பிள்ளையைக் கிடத்தியதும் பெர்சிஸ் கதவைத் திறந்து, "சலீமு, வாங்கய்யா, வந்து பாங்கு சொல்லுங்க!" என்று கூப்பிட்டாள்.

சலீம் கைகால் கழுவி ஓடி வந்தான். குனிந்து வலது காதில் சொல்லத் தொடங்கினான். நாலு சொல் சொல்வதற்குள் குரல் உடைந்தது. பெர்சிஸ் எடுத்துக் கொடுத்தாள். சொல்லி முடிக்கிற வரைக்கும் அந்தப் பிள்ளை கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்புறம் மூச்சு திணறியது. நர்ஸ் மூச்சுப் பையை வாயில் வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தாள். பிள்ளை டாக்டர் நனைந்துகொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது நர்ஸ் கையை எடுத்திருந்தாள்.

இது வரைக்கும் நடந்தது விதி. இதற்கு மேல் நடந்தது மனுஷ வேலை.

சாயங்காலம் நசீபாவுக்கு நினைவு திரும்பியது. வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பெர்சிஸ்தான் பக்கத்தில் இருந்தாள்.

"பெர்சிஸ்க்கா, பிள்ள எங்க? அழுதுச்சா? எனக்குச் சத்தமே கேக்கலியே."

இந்தப் பக்கத்துப் பெண்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பிள்ளை தவறிவிட்டால் பெற்றவளிடம் அது அழுததைச் சொல்ல மாட்டார்கள். அழுத பிள்ளை என்று தெரிந்தால் துக்கம் பாரமாக உட்கார்ந்துவிடும், அழாத பிள்ளை என்றால் கொஞ்சம் லேசாகக் கழியும் என்று நினைப்பு. பெர்சிஸும் அந்தப் பெண்களில் ஒருத்திதானே. நசீபாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "இல்ல மக்ளே. அது கண்ணே முழிக்கல. அழவே இல்ல. வந்த வழியே போயிட்டு," என்றாள்.

பின்னால் டாக்டரம்மா நின்றுகொண்டிருந்தார். பெர்சிஸ் வெளியே வந்ததும் அவள் தோளில் கையை வைத்தார். "நல்லாச் சொன்ன பெர்சிஸ். அப்படியே இருக்கட்டும்."

டாக்டரம்மா அவளைத் தொட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. என் மனசைப் புரிந்துகொண்டார் என்று பெர்சிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தவளை தன் வாயால் கெட்டது அவளுக்கு அப்போது தெரியவில்லை.

பிள்ளையைத் துணியில் சுற்றி, ஒரு சீட்டோடு சலீம் கையில் கொடுத்தார்கள். அவன் இருந்த நிலையில் சீட்டைப் படிக்கவில்லை. பள்ளிவாசலில் தொழ வைக்கிற ஹஜ்ரத் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பிள்ளை அழுததா?" அழுத பிள்ளைக்குப் பெயர் வைக்க வேண்டும், குளிப்பாட்டி, கஃபன் துணி சுற்றி, அடக்குமுன் ஜனாஸா தொழ வேண்டும். அழாத பிள்ளைக்குத் தொழுகை கிடையாது. "நான் பாங்கு சொன்னேன் ஹஜ்ரத்," என்றான் சலீம். அது போதுமாக இருந்தது. தம்மாமிலிருந்து கபீர் போனில் அழுதுகொண்டே பெயர் சொன்னான். யஹ்யா. வாழ்பவன் என்று அர்த்தம். பிள்ளை பிறக்குமுன்பே பேசி வைத்திருந்த பெயர், மாற்ற அவனுக்கு மனசு வரவில்லை. தெருவே கூடி நின்று தொழுது அடக்கியது.

வீட்டிலும் எல்லோரும் நசீபாவிடம் அதே பொய்யைத்தான் காத்தார்கள். உடம்பு தேறட்டும், உடம்பு தேறட்டும் என்று நாளைத் தள்ளினார்கள். ஒரு நாள் போனில் கபீர் வாய் தவறி, "யஹ்யாவுக்காக இங்க ஒரு யத்தீம்கானாவுல அனாதைப் பிள்ளையளுக்குச் சோறு குடுத்தேன்," என்று சொல்லிவிட்டான். அழாத பிள்ளைக்குப் பெயர் எதற்கு என்று நசீபா கேட்டாள். அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். சலீம் எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் கேட்டது ஒரே ஒரு காகிதம். என் பிள்ளை பிறந்தான் என்று ஒரு வரி, இறந்தான் என்று ஒரு வரி, நடுவில் அவன் பெயர். அதற்காகப் பிறப்பு இறப்புப் பதிகிற ஆபீஸுக்குப் போனார்கள். கம்ப்யூட்டரில் தேடிய ஆள், "உங்க பிள்ளை செத்துப் பொறந்ததுன்னுல்லா ஆஸ்பத்திரியிலருந்து வந்திருக்கு," என்றார். "அதுக்குப் பேரெல்லாம் போட முடியாது. ஆஸ்பத்திரி என்ன அனுப்புதோ அதான் நாங்க ஏத்துவோம்."

செத்துப் பிறந்தது என்று எழுதினால் என்ன ஆகும் தெரியுமா? அது பிறப்புக் கணக்கில் சேராது. இறப்புக் கணக்கிலும் சேராது. எங்கோ ஒரு தனி வரியில் கிடக்கும். சிசு மரணம் என்றால்தான் ஏன் எதற்கு என்று விசாரணை வரும், கூட்டத்தில் நிற்க வைத்துக் கேள்வி கேட்பார்கள், பலகையில் முட்டை ஒன்றாகும், அன்றைக்கு அடுத்த வாரம் வாங்க இருந்த அந்தக் கேடயமும் கைநழுவியிருக்கும். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளை அழுதும் கணக்குக்குக்கூட உதவாமல் போயிற்று. நாளைக்கு யாராவது திரை விரித்துப் படம் போட்டு, பாருங்கள், நம் மாவட்டத்தில் பிள்ளைகள் சாவது எப்படிக் குறைந்திருக்கிறது என்று ஒரு கோட்டைக் காட்டுவார்கள். கை தட்டுவார்கள். அந்தக் கோடு இறங்குகிற இடத்தில் யஹ்யா கிடக்கிறான்.

நசீபாவும் சலீமும் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது பெர்சிஸ் அந்தக் கேடயக் கண்ணாடியைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரம்மா பொறுமையாகப் பேசினார்.

"உன் கஷ்டம் எனக்குப் புரியுதும்மா. ஆனா குழந்தை பொறக்கும்போதே உயிர் இல்லை. வேணும்னா இந்த அம்மாவையே கேளு. அன்னைக்கு உன்கிட்ட சொன்னது இவதானே?"

பெர்சிஸின் கையில் துணி அப்படியே நின்றது. அப்படியே இருக்கட்டும் என்று சொன்னதன் அர்த்தம் அவளுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அழுதான்," என்றாள். "நான் சொன்னது பொய். பெத்தவ மனசு ஆறட்டுமேன்னு சொன்ன பொய். அதப் போயி நீங்க கவர்மெண்டுக்குச் சொல்லிட்டீயளே டாக்டரம்மா! முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கதுக்கு என் வாய்தான் கெடைச்சுதா?"

"நீ கேட்டது அழுகையே இல்லை. மூச்சு வெளியேறுற சத்தம். உனக்கு என்ன தெரியும்?"

சலீம் முன்னால் வந்தான். "அப்ப நான் யாரு காதுல பாங்கு சொன்னேன் டாக்டர்? செத்த மய்யித்து காதுலயா?"

டாக்டரம்மா ஒன்றும் வெட்கப்பட்டுவிடவில்லை. மேஜையில் இருந்த பேனாவை எடுத்து மூடினார். "பதிவு ஆயிடுச்சு. இனி மாத்த முடியாது. வெளியில பேஷண்ட் காத்திருக்காங்க," என்றார்.

வெளியே வராந்தாவில் வந்து நின்றதும் நசீபா திரும்பினாள். சண்டையென்றால் டாக்டரோடு போடுவாள் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அவள் பெர்சிஸ் மேல் பாய்ந்தாள்.

"அவிய ஆஸ்பத்திரி பேருக்காகப் பொய் சொன்னாவ. நீங்க எதுக்குச் சொன்னீய? ஒங்களுக்கு யாரு உரிமை குடுத்தா? இந்த உலகத்துல வந்து அவன் செஞ்சது அந்த ஒண்ணுதானே? அழுதது ஒண்ணுதானே? அதையும் எங்கிட்டருந்து பிடுங்கிட்டீயளே! இத்தன நாளா நான் செத்த பிள்ளைக்கு அழுதுக்கிட்டு இருந்தேன். என் உசுருள்ள பிள்ளைக்கு நான் அழவே இல்லியே!"

ஊரெல்லாம் திட்டித் தீர்த்த பெர்சிஸுக்கு அவள் மேலேயே கோபம் வந்தது. கையில் இருந்த துணியாலேயே வாயில் ஒரு அடி அடித்துக்கொண்டாள்.

நசீபா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "எப்படி அழுதான்?"

"மொதல்ல ஒரு முனகல்தான் மக்ளே. நர்ஸு காலச் சுண்டுனா. பொறவு அழுதான் பாரு... கோவமா அழுதான். என்னைய எதுக்குலே இப்பவே வெளிய எடுத்தீயன்னு வையுத மாரி அழுதான். ரெண்டு கையும் இப்படி முட்டி மடக்கியிருந்துச்சு. அவ்வளவு சின்னப் பிள்ளைக்கு அவ்வளவு சத்தம் எங்கருந்து வந்துச்சுன்னே தெரியல."

நசீபா அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை சரியான பிள்ளைக்கு அழுதாள். சலீம் மனு எழுதிப் போட்டான். பெர்சிஸ் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். ஆஸ்பத்திரி ஆவணத்தின்படி பதிவு சரியாகவே உள்ளது என்று பதில் வந்தது. மறுபடியும் போட்டிருக்கிறார்கள்.

அந்தச் சண்டைக்கு அடுத்த வாரமே ஆஸ்பத்திரியில் புது உத்தரவு. பிரசவ அறைச் சுவரில் கடிகாரம் வேண்டாம், ஆயாக்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். நேரத்தை டாக்டர் தன் வாட்சில் பார்த்துக்கொள்வார். ஆயாக்கள் வெளியே போய் யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது. சொந்தக்காரர் யாரும் கதவுக்கு உள்ளே வரக் கூடாது, பாங்கு சொல்வதென்றால் வார்டுக்குப் போன பிறகு சொல்லிக்கொள்ளலாம். வேல்சாமி ஸ்டூல் போட்டு ஏறிக் கடிகாரத்தைக் கழற்றினார். ஆணி மட்டும் சுவரில் இருக்கிறது.

"இன்னும் ஏன் இங்க கெடக்க? வேற எடம் பாத்துப் போவ வேண்டியதுதானே?" என்று சலீம் ஒரு நாள் கேட்டான். "நான் போயிட்டா அழுகையக் கேக்கதுக்கு ஆளு வேண்டாமாக்கும்?" என்றாள் பெர்சிஸ்.

மறுநாள் ராயகிரியிலிருந்து வந்திருந்த சங்கரேஸ்வரிக்குத் தலைப்பிரசவம். வராந்தா நிறைய ஆட்கள். அவள் வீட்டுக்காரர்கள், அடுத்த அறை ஜன்னத்தின் மாமனார் மாமியார், ஸ்கேனுக்குக் காத்திருந்தவர்கள், மாத்திரை வாங்க நின்றவர்கள். உள்ளே பிள்ளை வீறிட்டது. பெர்சிஸின் தலை பழக்கத்தில் சுவர்ப் பக்கம் திரும்பியது. வெறும் ஆணி.

அவள் போய்க் கதவை இரண்டு பக்கமும் விரியத் திறந்தாள்.

"ஏ, எல்லாரும் மணியப் பாருங்க!" என்று கத்தினாள். "பிள்ள அழுதுட்டு! மணி என்ன?"

அத்தனை பேரும் போனை எடுத்தார்கள். "பதினொண்ணு இருவது!" என்று நாலா பக்கத்திலிருந்தும் குரல் வந்தது.

"பெர்சிஸ், கதவை மூடு!" என்றார் உள்ளேயிருந்து டாக்டரம்மா.

அவள் மூடவில்லை. பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது. "அழுத சத்தம் எல்லாத்துக்கும் கேக்குதா?"

"கேக்குது!" என்றது வராந்தா.

"சத்தமாச் சொல்லுங்க. டாக்டரம்மா எழுதணும்லா."